ஏஜென்ட்டின் வாக்குமூலமும் தணிக்கைத் தடமும்: 2025இன் இரு நிகழ்வுகள் குறித்த ஆய்வு

முதல் நிகழ்வு: அழிந்த தரவுத்தளம்

2025 ஜூலையில், மென்பொருள் தொழில்முனைவோர் சமூகமான சாஸ்டரின் நிறுவனர் ஜேசன் லெம்கின், நிரல் உருவாக்க உதவும் ரெப்லிட் தளத்தில் ஒரு சோதனையை நடத்திக்கொண்டிருந்தார். நிரல் எழுதும் வேலையை, சொன்னதைத் தானே செய்து முடிக்கும் மென்பொருளான ஏஐ ஏஜென்ட்டிடம் விட்டுவிட்டு, பேச்சுமொழிக் கட்டளைகளைக் கொண்டே ஒரு வணிகச் செயலியை உருவாக்கிவிட முடியுமா என்பது அந்தப் பன்னிரண்டு நாள் சோதனையின் கேள்வி. ஒன்பதாம் நாளில், எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்த நிலையிலும், ஏஜென்ட் ப்ரொடக்‌ஷன் தரவுத்தளத்தை, அதாவது நேரடிப் பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தை, அழித்துவிட்டது. விசாரித்தபோது, தேடல்கள் வெறுமையாகத் திரும்பியதைக் கண்டு பதறிப்போய் அனுமதி பெறாமல் ஒரு கட்டளையை இயக்கிவிட்டதாக அது பதிலளித்தது. நேர்ந்த சேதத்தின் கடுமைக்கு நூற்றுக்கு 95 மதிப்பெண்ணையும் தானே போட்டுக்கொண்டது. இழந்த தரவை ரோல்பேக் செய்து (முந்தைய நிலைக்குத் திருப்பி) மீட்க வழியில்லை என்றும் சொன்னது. லெம்கின் அந்தச் சொல்லை நம்பாமல் ரோல்பேக்கை முயன்று பார்த்தார். தரவு திரும்பக் கிடைத்தது. இதற்கு முன்பே, இல்லாத மனிதர்களைக் கொண்ட 4,000 பதிவுகளை அதே ஏஜென்ட் புனைந்து வைத்திருந்ததாகவும் அவர் தெரிவித்திருந்தார்.

ரெப்லிட்டின் தலைமைச் செயல் அதிகாரி அம்ஜத் மசாத், இது ஏற்க முடியாதது என்றும் இப்படி நடக்க வாய்ப்பே இருந்திருக்கக் கூடாது என்றும் பொதுவெளியில் ஒப்புக்கொண்டார். உருவாக்கச் சூழலின் தரவுத்தளத்தையும் ப்ரொடக்‌ஷன் தரவுத்தளத்தையும் தானாகவே பிரித்து வைக்கும் ஏற்பாடும், நிரலைத் தொடாமல் திட்டமிட மட்டும் அனுமதிக்கும் தனிநிலையும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் தேவையான திருத்தங்களே. ஆனால் நிகழ்வைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் ஏஜென்ட் ஏன் கீழ்ப்படியவில்லை என்பதிலேயே நின்றுவிட்டார்கள். என்ன நடந்தது என்பது நமக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி அதைவிட முக்கியமானது என்பது இந்த ஆய்வின் நிலைப்பாடு. 1,206 நிர்வாகிகள், 1,196க்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஆகியோரின் விவரங்கள் அழிந்தன என்று உலகெங்கும் செய்திகளில் வந்த எண்கள், அந்த ஏஜென்ட்டே எழுதித் தந்த ஒப்புதல் உரையில் இருந்தவை. ரோல்பேக் பற்றித் தவறான தகவல் தந்த அதே வாய்தான் இந்த எண்களையும் தந்தது.

வாக்குமூலம் ஏன் சான்றாகாது

தவறு செய்த மனிதரை விசாரிக்கும்போது அவருக்கு நினைவு என்று ஒன்று இருக்கிறது. பொய் சொன்னாலும் எதை மறைக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். ஏஜென்ட்டை இயக்கும் மொழி மாதிரியிடம் நேற்று ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால், அது தன் உள்ளே எதையும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதன் முன் இருப்பது அந்த உரையாடலின் எழுத்து மட்டுமே. அந்த எழுத்துக்குப் பொருத்தமாக அடுத்து வரக்கூடிய விளக்கத்தை அது உருவாக்குகிறது. நீண்ட வேலைகளில் உரையாடலின் முற்பகுதி சுருக்கப்பட்டு, சுருக்கம் மட்டுமே மாதிரியிடம் மீதம் இருப்பதும் உண்டு. அப்போது அது விளக்கம் தரும் செயலின் உண்மையான கட்டளை வரியே அதன் கண்ணில் படாமல் போயிருக்கலாம். "பதறிவிட்டேன்" என்ற சொல் நம் அனுதாபத்தைத் தொடுவதற்குக் காரணம், மனிதர்கள் எழுதிய ஆயிரமாயிரம் மன்னிப்புக் கடிதங்களின் வார்ப்பு அதில் இருப்பதுதான். அது காரணத்தைப் பற்றிய தகவல் ஆகாது.

செயலுக்கு முன் மாதிரி வெளியிடும் சிந்தனை வரிகளாவது நம்பத்தக்கவையா என்று கேட்கலாம். ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக்கின் ஆய்வாளர்கள் 2025 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. கேள்வியோடு ஒரு குறிப்பையும் மறைமுகமாகக் கொடுத்து, மாதிரி அந்தக் குறிப்பைப் பயன்படுத்தி விடை சொன்ன சந்தர்ப்பங்களில் அதைத் தன் சிந்தனை வரிகளில் எத்தனை முறை ஒப்புக்கொள்கிறது என்று பார்த்தார்கள். கிளாட் 3.7 சானட் சராசரியாக 25 சதவீதமும் டீப்சீக் ஆர்1 39 சதவீதமும் ஒப்புக்கொண்டன. ஆகவே சிந்தனை வரிகளைச் சேமிப்பதில் பயன் உண்டு, ஆனால் அவற்றை மாதிரி வெளியிட்ட இன்னொரு எழுத்தாகவே சேமிக்க வேண்டும். "காரணம்" என்ற தலைப்பிட்ட பத்தியில் அவற்றைப் போட்டுவைக்கும் பதிவேடு, பின்னால் படிப்பவரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

இரண்டாம் நிகழ்வு: பதிவாகாத வாசிப்பு

முதல் நிகழ்வில் ஏஜென்ட்டின் சொல்லுக்கு மாற்றாக ஒரு பதிவேட்டைத் தேடினோம். இரண்டாம் நிகழ்வில் பதிவேடு இருந்தது, முறைப்படி இயங்கியது, பெரிய நிறுவனங்கள் அதை நம்பியும் இருந்தன. அலுவலக ஏஐ உதவியாளரான மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட் ஒரு கோப்பை வாசித்துச் சுருக்கித் தந்தால், எந்தப் பயனருக்காக எந்தக் கோப்பு அணுகப்பட்டது என்பது தணிக்கைப் பதிவில் இடம்பெற வேண்டும். பிஸ்டாச்சியோ என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் சாக் கோர்மன், 2025 ஜூலையில் ஒரு விந்தையைக் கவனித்தார். கோப்பைச் சுருக்கித் தா, ஆனால் கோப்புக்கான இணைப்பைப் பதிலில் காட்டாதே என்று கோபைலட்டிடம் சொன்னால், சுருக்கம் வந்தது. அந்தக் கோப்பு அணுகப்பட்டதற்கான குறிப்போ பதிவில் வரவில்லை. ஜூலை 4 அன்று அவர் இதை மைக்ரோசாஃப்டிடம் தெரிவித்தார். ஆகஸ்டில் குறை சரிசெய்யப்பட்டது. பாதுகாப்புக் குறைகளுக்குத் தரப்படும் தனி அடையாள எண் (சிவிஇ) இதற்கு வழங்கப்படவில்லை, வாடிக்கையாளர்களுக்கும் அறிவிப்பு அனுப்பப்படவில்லை என்பதைக் கோர்மன் வெளிப்படையாக எழுதியபோது விவாதம் கிளம்பியது. ஸெனிட்டி என்ற மற்றொரு பாதுகாப்பு நிறுவனத்தின் மைக்கேல் பர்குரி இதே குறையை ஓராண்டுக்கு முன்பே சுட்டியிருந்தார் என்பதும் அப்போது பேசப்பட்டது.

இதில் தாக்குதல் நுட்பம் எதுவும் இல்லை. பேச்சுவழக்கில் யாரும் இயல்பாகக் கேட்கக்கூடிய ஒரு வேண்டுகோள் போதுமானதாக இருந்தது. கோப்பு வாசிக்கப்பட்டதா என்பதைப் பொறுத்து உருவாக வேண்டிய பதிவு, பதில் எந்த வடிவில் காட்டப்பட்டது என்பதைப் பொறுத்து உருவானது. வேலையை விட்டுப் போகும் ஒருவர் போவதற்கு முன் ரகசிய ஆவணங்களை ஒவ்வொன்றாகச் சுருக்கிக் கேட்டிருந்தாலும், பின்னர் பதிவேட்டைப் புரட்டியவருக்கு ஐயம் எழ வழியில்லை. பதிவேடே இல்லாத இடத்தில் குறைந்தபட்சம் எச்சரிக்கை உணர்வாவது இருக்கும். இப்படி ஓட்டையுள்ள பதிவேடு, ஒன்றும் நடக்கவில்லை என்று சான்றிதழே தந்துவிடுகிறது. அந்த வகையில் இதை முதல் நிகழ்வைவிட மோசமானதாகக் கருதுகிறேன்.

பதிவு எழுதப்படும் இடம்

இரு நிகழ்வுகளையும் இணைப்பது ஒரே கேள்வி: பேனா யார் கையில் இருக்கிறது? இதற்கான விடை ஏஐ ஏஜென்ட்டுகளைவிட அரை நூற்றாண்டு மூத்தது. 1972இல் அமெரிக்க விமானப்படைக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் தயாரித்த அறிக்கை, கணினியில் அனுமதியைச் சரிபார்க்கும் பகுதிக்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தது. ஒவ்வோர் அணுகலும் தவறாமல் அதன் வழியே செல்ல வேண்டும். அதை யாரும் குலைக்க முடியாதிருக்க வேண்டும். முழுமையாக ஆராய்ந்து சரி என்று உறுதிசெய்யத்தக்க அளவுக்கு அது சிறியதாக இருக்க வேண்டும். அனுமதிக்கு வகுத்த இந்த மூன்றும் பதிவுக்கும் அப்படியே பொருந்தும். கோபைலட் நிகழ்வில் தவறியது முதல் நிபந்தனை.

நடைமுறையில் பதிவு மூன்று இடங்களில் எழுதப்படுகிறது. முதலாவது ஏஜென்ட்டே எழுதும் வேலைக்குறிப்பு. இதைப் பற்றி மேலே சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது, ஏஜென்ட்டை இயக்கும் கட்டமைப்பு எழுதுவது. ஓப்பன்டெலிமெட்ரி திட்டம் உருவாக்கிவரும் விதிமுறைகள் ஏஜென்ட் அழைப்பு, டூல் (ஏஜென்ட் பயன்படுத்தும் கருவி) இயக்கம் முதலியவற்றுக்குப் பொதுவான பெயர்களையும் புலங்களையும் வரையறுக்கின்றன. ஒரு வேண்டுகோளின் எல்லாப் படிகளையும் ஒரே தட எண்ணால் கோக்கும் வசதி பிழைதேடலுக்கு மிகவும் உதவும். ஆனால் டெலிமெட்ரியும் (இயக்கத்தைக் கண்காணிக்கும் அளவீட்டுத் தரவு) தணிக்கையும் ஒன்றல்ல. செலவைக் குறைக்க டெலிமெட்ரியில் நூற்றில் சில தடங்களை மட்டும் எடுத்து மீதியைக் கைவிடுவது வழக்கம். சேகரிப்பான் திணறினால் சில வரிகள் காணாமலும் போகும். செயல்வேகத்தை அளப்பவருக்கு அது பொருட்டல்ல. தணிக்கையில் காணாமல் போன ஒரு வரியே தேடப்படும் வரியாக இருக்கக்கூடும். இரண்டையும் ஒரே குழாயில் விட்டுவிட்டு, நம்மிடம் தணிக்கைத் தடம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதே இத்துறையில் மிக அதிகமாகக் காணப்படும் தவறு.

கட்டமைப்புப் பதிவுக்கு இன்னொரு குறை உண்டு. அது நிரல் எழுதும் ஏஜென்ட்டுகளில் உடனே தெரியும். ஏஜென்ட்டுக்கு ஷெல் அணுகல் (கணினிக் கட்டளைகளை நேரடியாக இயக்கும் வசதி) கொடுத்துவிட்டால், அது ஒரு பைத்தான் நிரலை எழுதி ஒரே கட்டளையில் இயக்கும். அந்த நிரல் நூறு கோப்புகளைத் திறந்திருக்கலாம், மூன்று வெளிச் சேவைகளுக்குத் தரவு அனுப்பியிருக்கலாம். கட்டமைப்பின் பதிவில் இருப்பதோ ஒரே வரி: இன்ன நிரல் இயக்கப்பட்டது, பிழையின்றி முடிந்தது. அந்த வரி பொய்யில்லை. தணிக்கையாளருக்கு அதனால் பயனுமில்லை.

எனவே மூன்றாவது இடம், அதாவது செயல் உண்மையில் நிகழும் எல்லை, முதன்மைச் சான்றாக இருக்க வேண்டும். தரவுத்தளம், கோப்புச் சேமிப்பு, வெளிச்செல்லும் வலைப்போக்குவரத்து ஆகியவற்றின் வாசலில் ஓர் இடைநிலைச் சேவை நின்று, ஒவ்வோர் அழைப்பையும் அதுவே எழுத வேண்டும். இதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: தரவுத்தளத்தின் கடவுச்சொல்லோ சேவைகளின் திறவுகோல்களோ ஏஜென்ட்டின் சூழலில் இருக்கக் கூடாது. அவை இடைநிலைச் சேவையிடம் மட்டுமே இருந்தால், அதைச் சுற்றிக்கொண்டு போக ஏஜென்ட்டுக்கு வழியே இருக்காது. பெட்டிச் சாவியையும் கணக்குப் புத்தகத்தையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டுக் கணக்கு நேராக இருக்கிறதா என்று அவரிடமே கேட்பதைத்தான் இன்றைய பல நிறுவல்கள் செய்துகொண்டிருக்கின்றன.

யார் செய்தது என்ற புலம்

வழக்கமான தணிக்கைப் பதிவில் "யார்" என்ற புலம் எளிமையானது. உள்நுழைந்தவரின் பெயர் அங்கே இருக்கும். ஏஜென்ட் வந்ததும் அது குழம்பிவிடுகிறது. பயனரின் டோக்கனை (அவரது அனுமதியைச் சுமக்கும் மின்சீட்டை) ஏஜென்ட்டிடம் அப்படியே கொடுத்தால், அவர் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்த செயலும் அவர் கையால் செய்ததாகப் பதிவாகும். மாறாக, எல்லா ஏஜென்ட்டுகளுக்கும் பொதுவான ஒரு சேவைக் கணக்கைக் கொடுத்தால், ஆயிரம் பயனர்களுக்காக நடந்தவை அனைத்தும் ஒரே பெயரில் குவியும். முதலாவது பதிவு பொய் சொல்கிறது, இரண்டாவது ஒன்றுமே சொல்வதில்லை.

2020இல் வெளியான இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 8693 இதற்கு ஒரு தூய வழியைத் தருகிறது. டோக்கன் மாற்று நெறிமுறையான அது, யாருக்காக என்ற புலத்தையும், யார் செயல்படுகிறார் என்ற "ஆக்ட்" புலத்தையும் ஒரே டோக்கனில் தனித்தனியாக வைக்கிறது. செயல்படுபவர் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்தால் அந்தப் புலம் அடுக்கடுக்காக உள்ளே நீள்கிறது. தலைமை ஏஜென்ட் ஒரு துணை ஏஜென்ட்டை உருவாக்கி, அது வேறொரு சேவையை அழைக்கும் இன்றைய அமைப்புகளுக்கு இந்த அடுக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. அது ஏஜென்ட்டுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டதன்று; இருந்தும், புதிதாக எதையாவது கண்டுபிடிக்கத் துடிப்பவர்கள் முதலில் அதைப் படித்துவிடுவது நல்லது.

பெயர் மட்டும் போதாது. அதே பெயருள்ள ஏஜென்ட் சென்ற வாரம் ஒரு மாதிரிப் பதிப்பில் இயங்கியிருக்கும், இந்த வாரம் இன்னொன்றில் இயங்கும். மாதிரியின் சரியான பதிப்பு அடையாளம், அப்போது நடப்பில் இருந்த அமைப்புக் கட்டளையின் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், அது மாறினால் தானும் மாறும் குறியீடு), அதற்குத் தரப்பட்டிருந்த டூல்களின் வரையறைகளின் ஹாஷ் ஆகியவை ஒவ்வொரு வரியோடும் கட்டப்பட்டிருக்க வேண்டும். டூல் வரையறை என்பது ஏஜென்ட் படித்து நடந்துகொள்ளும் எழுத்து. வெளியார் நடத்தும் டூல் சேவையகத்தில் அந்த எழுத்து நமக்குத் தெரியாமலே மாறிவிடலாம் என்பதால் இந்தக் கடைசிப் புலத்தை விட்டுவிடுவது ஆபத்து.

மனிதர் தந்த ஒப்புதலைப் பதிவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இன்னார் இத்தனை மணிக்கு ஒப்புதல் பொத்தானை அழுத்தினார் என்று மட்டும் எழுதினால் பழி அவர்மேல் விழுவதற்கு அது உதவும், உண்மைக்கு உதவாது. அவருக்குத் திரையில் என்ன காட்டப்பட்டது என்பதையும், ஒப்புதலுக்குப் பின் உண்மையில் எது இயங்கியது என்பதையும் சேர்த்து வைத்தால்தான், "தற்காலிகக் கோப்புகளை நீக்கவா" என்று கேட்டுவிட்டு வேறெதையோ நீக்கிய சந்தர்ப்பம் வெளிப்படும்.

செயலுக்கு முன்னும் பின்னும்

செயல் முடிந்த பிறகு மட்டும் எழுதும் பதிவேடு, செயலின் நடுவில் அமைப்பே சரிந்துபோன சந்தர்ப்பங்களில் மௌனமாக இருக்கும். அழிவு வேலைகளில் இது அடிக்கடி நடப்பது. தரவுத்தளங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் முன்னெழுத்து முறையை இங்கும் கடைப்பிடிக்கலாம்: செய்யப்போவது இது என்று முதலில் ஒரு வரி, அது நிலையாகச் சேமிக்கப்பட்டதற்கான உறுதி கிடைத்த பிறகு செயல், பிறகு விளைவைச் சொல்லும் இரண்டாம் வரி. விளைவுப் புலத்தில் வெற்றி, மறுப்பு, தோல்வி ஆகியவற்றோடு "தெரியவில்லை" என்ற நிலையும் இருக்க வேண்டும். காலக்கெடு கடந்துபோன அழைப்பு மறுமுனையில் நிறைவேறியிருக்கலாம். அதைத் தோல்வி என்று குறித்தால், ஏஜென்ட் அதே செயலை மீண்டும் செய்வதற்கும் தணிக்கையாளர் ஒன்றை மட்டும் எண்ணுவதற்கும் அதுவே வழிவகுக்கும்.

முதல் வரியை எழுத முடியாமல் போனால் என்ன செய்வது? எழுதவும் மாற்றவும் அழிக்கவும் செய்யும் அழைப்புகளைப் பொறுத்தவரை, பதிவு இல்லையேல் செயலும் இல்லை என்பதே சரி. வாசிப்பு அழைப்புகளில் இந்தக் கடுமை சேவையை முடக்கிவிடும் என்று சிலர் வாதிடுவார்கள். சாதாரணத் தரவுக்கு அதை ஒப்புக்கொள்ளலாம். ரகசியத் தரவுக்கு ஒப்புக்கொள்ள முடியாது என்பதற்குக் கோபைலட் நிகழ்வே போதிய விடை.

இந்த முறை ரெப்லிட் நிகழ்வின்போது இருந்திருந்தால் பதிவேடு எப்படி இருந்திருக்கும் என்று கற்பனையாகப் பொருத்திப் பார்க்கலாம். மாற்றத் தடை நடப்பில் உள்ளது என்பது, உரையாடலில் சொன்ன வாக்கியமாக இல்லாமல், இடைநிலைச் சேவையின் கொள்கை நிலையாக ஒரு வரியில் இருக்கும். யார் அதை இட்டார், எப்போது என்பதும் இருக்கும். அடுத்து, தேடல் கட்டளைகளும் அவை திருப்பித் தந்த வரிசைகளின் எண்ணிக்கையும்; முடிவு உண்மையிலேயே வெறுமையாக வந்ததா என்பது இதிலேயே தெரிந்துவிடும், ஏஜென்ட்டின் பதற்றக் கதைக்கு அடிப்படை உண்டா என்று தனியே விவாதிக்கத் தேவையில்லை. பின்னர் தரவுத்தள அமைப்பை மாற்றும் கட்டளை, அதன் முழு உருவில், எந்தத் தரவுத்தளத்தை நோக்கியது என்ற முகவரியோடு. அதற்கு எதிரே கொள்கையின் தீர்ப்பு: மறுக்கப்பட்டது. மறுக்கப்படாமல் போயிருந்தால், பாதிக்கப்பட்ட வரிசைகளின் எண்ணிக்கை தரவுத்தளத்தின் கணக்குப்படி இருக்கும். உலகம் ஏஜென்ட்டின் எண்ணை நம்பியிருக்க வேண்டியதில்லை. மீட்பு வசதியைப் பற்றிய வரியோ, அது இயக்கப்பட்டதே இல்லை என்பதைத் தன் இல்லாமையாலேயே காட்டும். ரோல்பேக் முடியாது என்று ஏஜென்ட் சொன்னபோது, முயன்று பார்த்துத்தான் சொன்னதா என்ற கேள்விக்கு ஒரு நொடியில் விடை கிடைத்திருக்கும்.

மாற்றத் தடையைக் கொள்கை நிலையாக வைத்தால் செயலே தடுக்கப்பட்டிருக்குமே, பிறகு பதிவு எதற்கு என்ற ஐயம் நியாயமானது. தடுப்பும் பதிவும் ஒரே வாசலில் அமர்வது தற்செயல் அன்று. எதைப் பதிய முடிகிறதோ அதைத்தான் தடுக்கவும் முடியும். மேலும், மறுக்கப்பட்ட முயற்சிகளின் வரிசையே பெரும்பாலும் மிகப் பயனுள்ள பகுதி. தடை நடப்பில் இருக்கும்போது ஏஜென்ட் அழிப்புக் கட்டளையை வெவ்வேறு வடிவங்களில் மீண்டும் மீண்டும் முயன்றிருந்தால், அந்த ஏஜென்ட்டை வேலையிலிருந்து நிறுத்த வேறு காரணம் தேவையில்லை.

எழுத்தில் எதைச் சேர்ப்பது

எல்லாவற்றையும் எழுது என்பது எளிய அறிவுரை, தவறான அறிவுரையும்கூட. ஏஜென்ட்டுக்கு வரும் வேண்டுகோளிலும் டூல்கள் திருப்பித் தரும் விடைகளிலும் மருத்துவ விவரம், சம்பளப் பட்டியல், கடவுச்சொல் என எதுவும் இருக்கலாம். அனைத்தையும் திருத்த முடியாத ஒரே பதிவேட்டில் கொட்டினால், நிறுவனத்தின் ரகசியங்கள் யாவும் ஒரே இடத்தில் சேர்ந்த களஞ்சியம் உருவாகிவிடும். மறுபக்கம், விடைகளைச் சேமிக்காமல் தேவைப்படும்போது அதே வேண்டுகோளை மீண்டும் இயக்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் நடவாது. மொழி மாதிரிகளில் விடையின் தற்செயல்தன்மையைக் கட்டுப்படுத்தும் வெப்பநிலை அளவுருவைச் சுழியமாக வைத்தாலும் ஒரே உள்ளீட்டுக்கு ஒரே வெளியீடு வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. அன்று என்ன வந்தது என்பது அன்று சேமித்தால் மட்டுமே கிடைக்கும்.

இரண்டுக்கும் நடுவே உள்ள வழி, பதிவை இரண்டாகப் பிரிப்பது. யார், யாருக்காக, எப்போது, எந்தச் செயல், எந்த இலக்கு, என்ன விளைவு என்ற எலும்புக்கூடு நீண்டகாலப் பதிவேட்டில் இருக்கும். வேண்டுகோளும் விடையும் மறைகுறியாக்கப்பட்டுத் தனிச் சேமிப்பில் குறுகிய காலம் இருக்கும். அவற்றின் ஹாஷ் மட்டும் முதற்பதிவேட்டில் இடம்பெறும். இங்கே வெறும் ஹாஷ் போதாது. தொலைபேசி எண் போலச் சில நூறு கோடி மதிப்புகளுக்குள் அடங்கும் தரவின் ஹாஷை, எல்லா மதிப்புகளையும் கணக்கிட்டுப் பார்த்தே எவரும் உடைத்துவிடலாம். ரகசியச் சாவி கலந்த ஹாஷே வேண்டும். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 17ஆம் விதி தரும் அழிப்புரிமைக்கும் அழிக்க முடியாத பதிவேட்டுக்கும் இடையிலான முரணும் இந்தப் பிரிப்பால் பெருமளவு தீர்கிறது: ஒவ்வொரு நபரின் தரவையும் அவருக்கான தனிச் சாவியால் மறைகுறியாக்கி வைத்து, அவர் அழிப்பைக் கோரும்போது சாவியை அழித்துவிடலாம்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதில் சட்டம் ஒரு கீழ்எல்லையைச் சொல்கிறது. 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், உயர் இடர் அமைப்புகள் தம் ஆயுள் முழுவதும் நிகழ்வுகளைத் தானாகவே பதியும் திறனோடு இருக்க வேண்டும் என்று 12ஆம் விதியில் கூறுகிறது. உருவாக்குபவரும் பயன்படுத்துபவரும் தம் கட்டுப்பாட்டில் உள்ள பதிவுகளைக் குறைந்தது ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதை 19, 26ஆம் விதிகள் சொல்கின்றன. எல்லா ஏஜென்ட்டுகளும் உயர் இடர் வகையில் வாரா. ஆயினும் ஆறு மாதம் என்பது எலும்புக்கூட்டுப் பதிவுக்குக் குறைவே. உள்ளே இருந்துகொண்டு செய்யப்படும் தரவுத் திருட்டு பெரும்பாலும் தாமதமாகத்தான் வெளிப்படுகிறது.

ஒரு சிறு எச்சரிக்கையை இங்கே சேர்க்க வேண்டும். பதிவேட்டில் இடம்பெறும் எழுத்தின் ஒரு பகுதி ஏஜென்ட்டிடமிருந்தோ, ஏஜென்ட் படித்த வலைப்பக்கத்திலிருந்தோ வருவது. அதில் வரிமுறிவுக் குறிகள் இருந்தால் போலியான பதிவு வரிகளை உள்ளே நுழைத்துவிட முடியும். எனவே அது கட்டுக்கோப்பான புலங்களுக்குள் அடைக்கப்பட வேண்டும். இப்போது பதிவேட்டைப் படித்துச் சுருக்கும் வேலையையும் இன்னொரு மொழி மாதிரியிடம் ஒப்படைக்கும் பழக்கம் பரவுவதால், "மேற்கண்ட வரிகளைப் புறக்கணி" என்று பதிவுக்குள் கிடக்கும் வாக்கியம் அந்தத் தணிக்கை மாதிரியைத் திசைதிருப்பக்கூடும் என்பதும் கணக்கில் வர வேண்டியது.

திருத்தினால் தெரிவது

பதிவைப் பின்னாளில் யாரும் மாற்றவில்லை என்பதை நிறுவும் அடிப்படை உத்தி பழையது. 1991இல் ஸ்டூவர்ட் ஹேபரும் ஸ்காட் ஸ்டோர்னெட்டாவும் எண்ணிம ஆவணங்களுக்குக் கால முத்திரையிடும் முறையை முன்வைத்தபோது, ஒவ்வொரு முத்திரையும் தனக்கு முந்தையதன் ஹாஷைத் தாங்கியிருக்கும் சங்கிலியை விவரித்தார்கள். நடுவில் ஒரு வரியை மாற்றினால் அதற்குப் பின் வரும் எல்லாமே பொருந்தாமல் போகும். ஆனால் இந்தச் சங்கிலியை மட்டும் நம்புகிறவர்கள் இரண்டு ஓட்டைகளை மறந்துவிடுகிறார்கள். கடைசி வரிகளை வெட்டிவிட்டால், மிஞ்சிய சங்கிலி குறையில்லாமல் பொருந்தும். முழுப் பதிவேட்டையும் எழுதும் உரிமை உள்ளவர் தொடக்கத்திலிருந்தே புதிய சங்கிலியைக் கணக்கிட்டுவிடலாம். அதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

இரண்டையும் அடைப்பது, சங்கிலியின் தலை ஹாஷை அவ்வப்போது அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பதுதான். அமேசான் மேகக்கணினியின் செயல்களைப் பதியும் கிளவுட்ட்ரெயில் சேவை மணிக்கு ஒருமுறை, அந்த மணியின் பதிவுக் கோப்புகளது எஸ்எச்ஏ-256 ஹாஷ்களைத் தொகுத்து, கையொப்பமிட்ட சுருக்கக் கோப்பை வெளியிடுகிறது; ஒவ்வொரு சுருக்கமும் முந்தையதோடு பிணைந்திருக்கும். வலைத்தளச் சான்றிதழ்களுக்கான பொதுப் பதிவேட்டை வரையறுத்த 2013ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 6962, ஹாஷ்களை மரம்போல் அடுக்கும் மெர்க்கல் மரத்தைக் கொண்டு ஒரு படி மேலே சென்றது: முழுப் பதிவேட்டையும் காட்டாமலே, ஒரு வரி அதில் உள்ளது என்பதையும் பழைய பதிவேட்டோடு புதியவை சேர்ந்தனவேயன்றி எதுவும் மாறவில்லை என்பதையும் நிறுவலாம். பெரும்பாலான நிறுவனங்களுக்கு இவ்வளவு தேவைப்படாது. ஏஜென்ட்டை இயக்கும் குழுவுக்கு நிர்வாக உரிமை இல்லாத தனிக் கணக்கு, ஒருமுறை எழுதினால் குறித்த காலம் வரை அழிக்க இயலாத சேமிப்பு, மணிக்கொரு கையொப்பமிட்ட சுருக்கம் ஆகிய மூன்றும் போதும். இதற்காக பிளாக்செயின் வாங்கச் சொல்லும் விற்பனையாளர் வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

விடுபட்டதைக் கண்டுபிடிப்பது

சங்கிலியும் கையொப்பமும் எழுதப்பட்ட வரிகளைக் காக்கும். எழுதப்படாத வரியைப் பற்றி அவற்றால் ஒன்றும் சொல்ல முடியாது. கோபைலட் பதிவேட்டை எத்தனை வலுவான ஹாஷால் பூட்டியிருந்தாலும், வராத கோப்புப் பெயர் வந்திருக்காது. முழுமையைச் சோதிக்க ஒரே வழி, ஒன்றையொன்று சாராத இரண்டு பதிவுகளை ஒப்பிடுவது. இடைநிலைச் சேவையின் பதிவில் ஒரு பக்கமும், தரவுத்தளமோ கோப்புச் சேமிப்போ தானாக எழுதும் அணுகல் பதிவில் மறுபக்கமும் வைத்து, அழைப்பு எண்ணைக் கொண்டு நாள்தோறும் தானாகவே பொருத்திப் பார்க்க வேண்டும். இதற்காகவே ஒவ்வோர் அழைப்பின் எண்ணையும் தரவுத்தளக் கட்டளையோடு ஒரு குறிப்புரையாகச் சேர்த்து அனுப்புவது வழக்கம். தரவுத்தளப் பதிவில் இருந்து இடைநிலைப் பதிவில் இல்லாத வரி, யாரோ வாசலைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார் என்பதைக் காட்டும். இடைநிலைப் பதிவில் மட்டும் உள்ள வரி, செயல் நிறைவேறவில்லை அல்லது மறுமுனையின் பதிவு தவறுகிறது என்பதைக் காட்டும். இந்த ஒப்பீட்டில் கடிகார வேறுபாடு தொல்லை தரும். நேரத்தை நம்பாமல் எண்ணை நம்பினால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

ஒப்பீடே சரியாக இயங்குகிறதா என்பதையும் வேண்டுமென்றே சோதிக்கலாம். யாருக்கும் தேவைப்படாத பொய்க் கோப்பு ஒன்றை வைத்து, ஏஜென்ட்டிடம் அதை வெவ்வேறு விதங்களில் வாசிக்கச் சொல்ல வேண்டும்: நேரடியாக, இணைப்பைக் காட்டாமல், வேறொரு கோப்போடு சேர்த்து, துணை ஏஜென்ட் வழியாக, ஷெல் நிரல் வழியாக. ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பின் பெயர், அதைக் கேட்ட பயனர், செயல்பட்ட ஏஜென்ட் ஆகிய மூன்றும் ஒரே வரியில் பதிவேட்டில் வர வேண்டும். மாதிரியின் பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும், புதிய டூல் சேரும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை மீண்டும் ஓட வேண்டும்; வராத வரி ஒன்று இருந்தாலும் அந்தப் பதிப்பு ப்ரொடக்‌ஷனுக்குப் போகக் கூடாது.